'பச்சை வாசனை போகும் வரை' என்றால் எதுவரை?

தமிழில் எழுதப்பட்ட எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும், அதில் ஓரிடத்திலாவது "பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்" என்ற வரி இருக்கும். எத்தனை நிமிடம் என்று அந்த வரி சொல்வதில்லை. தீ எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் சொல்வதில்லை. சமைத்துப் பழகியவருக்கு அதுவே போதும். முதன்முறையாக வாணலியின் முன் நிற்பவருக்கோ அது ஒரு புதிர், ஏனென்றால் போக வேண்டிய வாசனை எது என்பதே அவருக்குத் தெரியாது. வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கிய புதிதில், சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, "இன்னும் எவ்வளவு நேரம்மா கொதிக்கணும்?" என்று கேட்பேன். "வாசனை வந்துடும்ப்பா, வந்ததும் இறக்கிடு" என்பதே எப்போதும் வரும் பதில். எனக்கு வந்த வாசனை சரியான வாசனைதானா என்பது தொலைபேசியில் அம்மாவுக்குத் தெரியாது; அடுப்பருகில் நின்ற எனக்கும் தெரியாது.

அந்தப் புதிரை அவிழ்ப்பதற்கான எளிய முயற்சி இது. தாளிப்பு, நெய் காய்ச்சுவது, தோசை முறுகுவது, ரசம் நுரைத்து வருவது என்று வீட்டுச் சமையலில் நாம் விரும்பும் மணங்கள் ஒவ்வொன்றும், பாத்திரத்துக்குள் எந்த வேலை முடிந்தது, எந்த வேலை தொடங்கியது என்பதை அறிவிக்கும் செய்திகளே ஆகும். அந்தச் செய்திகள் எவ்வாறு உருவாகின்றன என்று தெரிந்தால், கடிகாரத்தைப் பார்க்காமலேயே அடுப்பை எப்போது குறைப்பது, எப்போது அணைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

மூக்கை எட்டுவது எது?

ஒரு பொருளிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் மூலக்கூறுகள், மூக்கினுள் மிக உயரத்தில் இருக்கும் ஒரு சிறிய சவ்வுப் பகுதியைத் தொடும்போது நாம் மணத்தை உணர்கிறோம். அந்தச் சவ்வில், மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதர்களுக்கு ஏறத்தாழ 400 வகை இருக்கின்றன. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1991-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். அதைத் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2004-இல் அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு அசையும். புள்ளிகள் அவையேதான் என்றாலும் இழுக்கும் கோட்டைப் பொறுத்துக் கோலம் மாறுவதைப் போல, எந்தெந்த ஏற்பிகள் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன என்பதைப் பொறுத்து மணம் மாறுகிறது. நானூறு வகை ஏற்பிகளை வைத்துக்கொண்டு எண்ணற்ற மணங்களை நாம் பிரித்தறிவது இப்படித்தான்.

இதிலிருந்து சமையலுக்கு வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஆவியாகாத பொருளுக்கு மணம் கிடையாது. உப்புக்கும் சர்க்கரைக்கும் தமக்கென்று வாசனை இல்லாததற்குக் காரணம் இதுவே. இரண்டாவது செய்தி சற்று வருத்தம் தரக்கூடியது: மூக்கை எட்டிய மணம், பாத்திரத்தை விட்டுப் போய்விட்ட மணம். தெருமுனை வரை ரசம் மணக்கிறது என்று யாராவது பாராட்டினால், அந்த அளவுக்கு மணம் ரசத்திலிருந்து வெளியேறிவிட்டது என்றும் பொருள் கொள்ளலாம்.

சாப்பிடும்போதும் நாம் முகர்ந்துகொண்டேதான் இருக்கிறோம். மென்று விழுங்கும்போது உணவின் ஆவி வாயின் பின்புறமாக மேலேறி அதே சவ்வைத் தொடுகிறது. சளி பிடித்து மூக்கடைத்த நாளில் மிளகு ரசம் வெறும் புளிப்பும் காரமுமாகச் சுருங்கிவிடுவது இதனால்தான். நாக்கு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது, மூக்குதான் விடுப்பில் இருக்கிறது.

பச்சை என்பது உவமை அல்ல

உரிக்காத வெங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக எந்த மணமும் வராது. அரிந்தவுடன் கண் எரியும் அளவுக்கு நெடி கிளம்புகிறது. வெங்காயத்தின் உயிரணுக்களுக்குள் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. கத்தி படும்போது இரண்டு அறைகளும் உடைந்து அவை கலக்கின்றன; நொடிகளுக்குள் புதிய, எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்கள் உருவாகின்றன. பூண்டிலும் இதே ஏற்பாடுதான்: பூண்டை நசுக்கும்போது அல்லியின் என்ற சேர்மம் அல்லிசினாக மாறுகிறது, நசுக்கிய பூண்டின் காட்டமான வாசனை அதிலிருந்து வருகிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. நாம் அதை அரைத்துக் குழம்பில் போடுகிறோம்.

தக்காளியும் பருப்பு மாவும் வேறு வழியில் பச்சை வாசனை பெறுகின்றன. தாவரத் திசு சிதையும்போது அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை நொதிகள் துண்டாக்கி, ஹெக்ஸனால், ஹெக்ஸெனால் போன்ற சிறிய மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. புல் வெட்டிய இடத்தில் வரும் வாசனை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரைத்த பச்சைத் தக்காளி, வறுக்காத கடலை மாவு, வேகாத பயறு ஆகியவற்றின் வாசனையிலும் இதே குடும்பம் இருக்கிறது. ஆகவே 'பச்சை வாசனை' என்று நம் பாட்டிகள் சொன்னது உவமை அல்ல. இலையின் பச்சைக்கும் மாவின் பச்சைக்கும் உண்மையிலேயே உறவு இருக்கிறது.

இந்த வாசனை 'போவது' என்றால் என்ன? ஒரே நேரத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஏற்கெனவே உருவான பச்சை மூலக்கூறுகள் நீராவியோடு சேர்ந்து வெளியேறுகின்றன. அவற்றை மேலும் உருவாக்கிக்கொண்டிருந்த நொதிகள் சூட்டில் செயலிழக்கின்றன. எஞ்சிய மூலக்கூறுகள் உருமாறிப் புதிய, மென்மையான மணங்களாகின்றன. கொதித்த தக்காளியின் மணம் பச்சைத் தக்காளியிலிருந்து முற்றிலும் வேறாக இருப்பதற்கு, பச்சை மணங்கள் குறைவது மட்டுமன்றி, சூட்டில் டைமெத்தில் சல்பைடு என்ற வேறொரு சேர்மம் புதிதாகப் பிறப்பதும் காரணம்.

இங்கே புதியவர் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்று உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை, தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்த ஈரத்தின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கூடுதல் சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். இஞ்சி பூண்டு விழுதை வாணலியில் போட்ட முதல் சில நிமிடங்களில் நடப்பது வதக்கல் அல்ல, வேகவைத்தல். அதில் உள்ள தண்ணீர் வற்றிய பிறகே விழுதின் சூடு எண்ணெயின் சூட்டை நோக்கி ஏறத் தொடங்குகிறது. குறிப்புகளில் வரும் "எண்ணெய் பிரிந்து வரும் வரை" என்ற இன்னொரு புதிர் வரியின் பொருளும் இதுதான்: தண்ணீர் வற்றியதால் அதனோடு கலந்திருந்த எண்ணெய் ஓரத்தில் தனியே தெரிகிறது. அந்த நேரத்தில் சத்தமும் மாறும். சளசளவென்று குமிழியிட்டுக்கொண்டிருந்தது, மெல்லிய பொரிதலாகும். மூக்கு, காது, கண் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்லும் இடம் அது. அதற்கு முன்பே அவசரப்பட்டு மசாலாத் தூளைக் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால், பிறகு எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் குழம்பில் ஏதோ ஒன்று பச்சையாகவே நிற்கும்.

தீயைக் கூட்டி விரைவாக முடிக்கலாம் என்பது பலருக்கும் தோன்றும் குறுக்குவழி. அதனால் விழுதின் அடி தீய்ந்து மேற்புறம் பச்சையாக இருக்கும். தீய்ந்த வாடையும் பச்சை வாடையும் ஒருசேரக் கிடைக்கும். மிதமான தீயும், மூடாத பாத்திரமும், அவ்வப்போது ஒரு கிளறலும் போதும். மூடினால் வெளியேற வேண்டிய ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகிப் பாத்திரத்துக்கே திரும்பிவிடும்.

ஒரே மாவு, இரண்டு மணம்

பச்சை வாசனை போன பிறகு வருவது என்ன? இதற்கு நம் வீடுகளில் இருக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இட்லியும் தோசையும். ஒரே பாத்திரத்தில் புளித்த ஒரே மாவை இட்லித் தட்டிலும் தோசைக்கல்லிலும் ஊற்றுகிறோம். இட்லிக்கு வெந்த அரிசியின் மணமும், மாவில் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தந்த மெல்லிய புளிப்பு மணமும் இருக்கின்றன. தோசைக்கோ அடுத்த அறையில் தூங்குபவரை எழுப்பும் முறுகல் மணம் இருக்கிறது. இட்லி ஆவியில் வேகிறது. 100 டிகிரியை அது தாண்டுவதில்லை. தோசைக்கல்லில் மெல்லியதாகப் பரவிய மாவின் தண்ணீர் விரைவில் வற்றிவிடுவதால், அதன் அடிப்புறம் 140 டிகிரிக்கும் மேலே செல்கிறது. அந்தச் சூட்டில் மாவிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து, பொன்னிறத்தையும் நூற்றுக்கணக்கான புதிய மண மூலக்கூறுகளையும் தருகின்றன. இந்த வினையை 1912-இல் விவரித்தவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயராலேயே அது மையார் வினை எனப்படுகிறது, தமிழில் மெயிலார்டு வினை என்றும் எழுதுகிறார்கள். மாவு புளிக்கும்போது மாச்சத்தும் புரதமும் சிறிது உடைந்து, வினைக்கு வேண்டிய சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் கூடுதலாகக் கிடைக்கின்றன. அன்றைக்கே அரைத்த மாவில் வார்த்த தோசை வெளிறிப்போய், மணமும் குறைவாக வருவது இதனால்தான்.

உப்புமாவுக்கு ரவை வறுப்பது, பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வறுப்பது, சாம்பார் பொடிக்குத் தனியாவும் துவரம்பருப்பும் வறுப்பது, காப்பிக்கொட்டை வறுப்பது ஆகிய எல்லாவற்றிலும் நாம் காத்திருப்பது இந்த வினைக்காகவே. பருப்பை வறுக்கும்போது முதலில் ஒன்றும் இல்லாதது போல இருக்கும்; பிறகு லேசான பச்சை வாடை எழும்; அதன் பின் ஒரு நிமிட இடைவெளியில் 'வாசம் வரும்'. நிறம் மாறுவதற்குச் சற்று முன்னதாகவே மணம் வந்துவிடுவதால், கண்ணை நம்புபவரைவிட மூக்கை நம்புபவருக்கே பருப்பு தீயாமல் கிடைக்கும். வாசம் வந்ததும் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது, வேறொரு தட்டில் கொட்டிவிட வேண்டும். கனமான வாணலி தன்னிடமுள்ள சூட்டிலேயே வேலையைத் தொடர்ந்து முடித்து, நமக்குக் கரியைக் கொடுத்துவிடும்.

தாளிப்பு

வீட்டு மணங்களில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் தாளிப்பைச் சொல்வேன். இது மிகப் பழைய விருப்பம். சங்கத் தமிழில் தாளிப்புக்குக் 'குய்' என்று பெயர். தாளிக்கும்போது எழும் புகையைக் 'குய்ப்புகை' என்று குறுந்தொகைப் பாடலொன்று சொல்கிறது. தன் கையால் சமைத்த பெண்ணின் மைதீட்டிய கண்களில் அந்தப் புகை நிறைந்ததாக அதில் வருகிறது.

தாளிப்பின் தத்துவம் எளிது. நறுமணப் பொருள்களிலுள்ள மணச் சேர்மங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் அதிகம் கரையாதவை, எண்ணெயில் நன்றாகக் கரைபவை. ஆகவே அவற்றை நேரே குழம்பில் போடுவதைவிட, சூடான எண்ணெயில் போட்டு எண்ணெய்க்கு மணத்தை ஏற்றி, அந்த எண்ணெயைக் குழம்பில் ஊற்றுகிறோம். எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் என்பதால், கரைப்பதோடு வறுப்பதும் சேர்ந்தே நடந்துவிடுகிறது.

பொருள்களைப் போடும் வரிசை இங்கே முக்கியம். கடுகு முதலில் வருகிறது. கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் வருமே, அதுவும் வெங்காயத்தைப் போலவே தனித்தனி அறைகளில் இருக்கும் சேர்மமும் நொதியும் ஈரத்தில் கலப்பதால் பிறப்பதுதான். காய்ந்த எண்ணெயில் விழும் கடுகுக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. உள்ளிருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகி அழுத்தம் தாங்காமல் தோல் வெடிக்கிறது, நொதி சூட்டில் செயலிழக்கிறது, காரத்துக்குப் பதிலாக வறுத்த பருப்பை நினைவூட்டும் மணம் வருகிறது. எண்ணெய் காயுமுன் கடுகைப் போட்டு, அது வெடிக்காமலே அடுத்த பொருளுக்குப் போய்விட்டால், சாப்பிடும்போது பல்லில் கடிபடும் ஒவ்வொரு கடுகும் அந்த அவசரத்தை நமக்கு நினைவுபடுத்தும். கடுகு வெடித்து ஓயும் நேரத்தில் உளுத்தம்பருப்பு. அது சிவக்கத் தொடங்கும்போது காய்ந்த மிளகாய். மிளகாய் விரைவில் கருகும் என்பதால் அதற்கு அதிக நேரம் தரக்கூடாது.

அடுத்தது பெருங்காயம். இது ஃபெருலா என்ற செடியின் வேரிலும் தண்டின் அடியிலும் கீறல் போட்டு வடிக்கப்படும் பிசின். காலங்காலமாக ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்துகொண்டிருப்பது. தென்னகச் சமையலறையின் அடையாளம் என்று நாம் நினைக்கும் மணம், இங்கே விளையாத ஒரு பொருளுடையது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்தியாவில் இதை வளர்த்துப் பார்க்கும் முயற்சியாக, இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள இமயமலை உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், 2020 அக்டோபரில் லாஹௌல் பள்ளத்தாக்கிலுள்ள குவாரிங் என்ற ஊரில் முதல் நாற்றை நட்டது. பெருங்காயத்தை டப்பாவில் முகர்ந்து பார்த்தால் பலருக்கும் முகம் சுளிக்கும். அதன் மணமும் கந்தகச் சேர்மங்களால் ஆனது. எண்ணெயில் விழுந்த சில நொடிகளில் காட்டம் தணிந்து, வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கியது போன்ற மணமாகிவிடுகிறது. விரத நாளில் வெங்காயம், பூண்டு சேர்க்காத சாம்பாருக்குப் பெருங்காயம் தாராளமாகப் போடப்படுவதன் காரணம் புரிகிறது அல்லவா?

கடைசியில் கறிவேப்பிலை. ஈர இலை எண்ணெயில் பட்டவுடன் படபடவென்று வெடித்து, அடுப்படியிலிருந்து வாசல் வரை மணம் பரப்புகிறது. அதன் தனித்தன்மையான மணத்திலும் ஒரு கந்தகச் சேர்மம் முக்கியப் பங்கு வகிக்கிறது. அதனோடு லினலூல், பைனீன் போன்ற நறுமணச் சேர்மங்களும் இருக்கின்றன. இலை காய்ந்தால் இவற்றில் பெரும்பகுதி போய்விடும் என்பதால், காய்ந்த கறிவேப்பிலையைப் பொட்டலத்தில் வாங்கித் தாளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாகவே இருக்கும். ஒரு துணைச் செய்தி: கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகீ' என்ற சொல், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்பவரின் நினைவாக வைக்கப்பட்டது.

கவிச்சியும் புளியும்

வாசனையை வரவழைப்பது போலவே வாடையைப் போக்குவதும் சமையலின் வேலைதான். கடல்மீன் இறந்த பிறகு, அதன் தசையிலுள்ள ஒரு சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமின் என்ற பொருளாக மாற்றுகின்றன. கவிச்சி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதற்கு உண்டு. இந்தப் பொருள் காரத்தன்மை (மிளகாயின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) உடையது. புளிக்கரைசலில் உள்ள அமிலத்தோடு சேர்ந்தால், ஆவியாகாத உப்பாக மாறிக் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. ஆவியாகாததற்கு மணம் இல்லை என்று முன்பு பார்த்தோம். மீன் குழம்பில் புளியும், வறுத்த மீனில் எலுமிச்சையும், இலங்கையிலும் கேரளத்திலும் மீன் கறியில் கொறுக்காய்ப்புளி அல்லது குடம்புளியும் சேர்வது சுவைக்காக மட்டும் அல்ல.

குளத்து மீனிலும் ஏரி மீனிலும் வரும் சேற்று வாடை வேறு கதை. அதற்குக் காரணமான பொருள்களில் முதன்மையானது ஜியோஸ்மின். மண்ணிலும் நீரிலும் வாழும் சில நுண்ணுயிரிகள் அதை உண்டாக்குகின்றன. கோடை மழை விழுந்ததும் எழும் மண்வாசனையிலும் இதே ஜியோஸ்மின்தான் இருக்கிறது. வாசலில் நின்று ஆழமாக இழுத்து முகர்ந்த மணத்தையே, அடுப்படியில் விரால் மீனை அலசும்போது மஞ்சளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து விரட்டப் பார்க்கிறோம்.

எப்போது மூடுவது, எப்போது திறப்பது?

பச்சை வாசனையைப் போக்கப் பாத்திரத்தைத் திறந்து வைக்க வேண்டும். நல்ல வாசனையைக் காப்பாற்ற மூடி வைக்க வேண்டும். இந்த விதியை முழுமையாகக் காட்டும் பதார்த்தம் ரசம். புளித்தண்ணீரும் தக்காளியும் முதலில் திறந்த பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்க வேண்டும், ஏனென்றால் அவற்றின் பச்சை வாசனை போயாக வேண்டும். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுப் பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு கொதிக்கவே விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலெழும்போது இறக்கிவிட வேண்டும். மணச் சேர்மங்களில் பலவற்றின் தனித்த கொதிநிலை 100 டிகிரியைவிட மிக அதிகம் என்றாலும், கொதிக்கும் தண்ணீரிலிருந்து எழும் நீராவி அவற்றைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். நறுமண எண்ணெய் வடிக்கும் ஆலைகளில் வேண்டுமென்றே செய்யப்படும் இதே வேலையை, ரசத்தைத் தளதளவென்று கொதிக்க விடுபவர் தெரியாமல் செய்கிறார். இறக்கியதும் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு மூடிவிட வேண்டும். ஒரே செடியின் விதையான தனியா வறுப்பதைத் தாங்கி மேலும் மணக்கும். அதன் தழையின் மணம் வேறு வகைச் சேர்மங்களால் ஆனது, சூட்டில் சீக்கிரம் வாடிவிடும். காப்பி வடிகட்டியின் மேல் மூடி இருப்பதும், பிரியாணியைத் தம் போடுவதும் இதே கணக்குத்தான்.

பிரியாணி என்றதும் அரிசியின் நினைவு வருகிறது. பாஸ்மதி போன்ற மணக்கும் அரிசிகளின் முக்கிய மணப்பொருள் 2-அசிட்டைல்-1-பைரோலின் எனப்படும் சேர்மம். மிக நுண்ணிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் இந்தச் சேர்மம், இலங்கைத் தமிழர் கறியிலும் சோற்றிலும் போடும் ரம்பை இலையிலும் இருக்கிறது, சுட்ட ரொட்டியின் மேலோட்டிலும் சோளப்பொரியிலும் கூட இருக்கிறது. ரம்பை போட்ட சாதாரண அரிசிச் சோறு உயர்ந்த அரிசியின் சாயலைப் பெறுவது கற்பனை அல்ல.

நெய் காய்ச்சும் நாள்

வீட்டில் சேர்த்து வைத்த வெண்ணெயை உருக்கும் நாளில் சமையலறைக்குள் யாரும் அழைக்காமலே எல்லோரும் வந்துபோவார்கள். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு. தயிர் கடைந்து எடுத்த வீட்டு வெண்ணெயில் இன்னும் கூடுதலாகவே இருக்கும். தண்ணீர் இருக்கும் வரை சளசளவென்ற சத்தமும் பால் வாடையும் இருக்கும். சத்தம் அடங்குவது தண்ணீர் வற்றிவிட்டதன் அறிகுறி. அதற்குப் பிறகு வெப்பநிலை விரைவாக ஏறுகிறது. அடியில் தங்கிய பால் புரதமும் பால் சர்க்கரையும் தோசையில் கண்ட அதே மையார் வினைக்கு உள்ளாகின்றன. கொழுப்பிலிருந்து லாக்டோன் என்னும் இனிய மணப்பொருள்களும் பிறக்கின்றன. கசண்டு பொன்னிறமாகி மணம் எழும் அந்தக் கணத்திலிருந்து அது கருகும் கணம் வரை, கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான அவகாசம். முருங்கைக்கீரையை ஒரு கொத்து போடும் வழக்கம், தனி மணம் தருவதோடு இந்த அவகாசத்தைக் காட்டிக் கொடுக்கவும் உதவுகிறது: கீரை பொரிந்து மொறுமொறுவென்று ஆனதும் இறக்கினால் சரியாக இருக்கும். புளித்த தயிரிலிருந்து எடுத்த வெண்ணெயில் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே மணப்பொருள்களை உண்டாக்கியிருப்பதால், பாலேட்டை நேரே கடைந்து எடுத்த நெய்யைவிட அது ஓங்கி மணக்கும்.

நெடி வேறு, மணம் வேறு

மிளகாய் வறுக்கும்போது வீடே இருமுகிறதே, அது மணமா? தமிழ் அதற்கு நெடி என்றும் கமறல் என்றும் தனிச் சொற்களை வைத்திருக்கிறது. அறிவியலும் அதைத் தனியாகவே வைக்கிறது. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் என்ற பொருள் மூக்கின் மண ஏற்பிகளைத் தொட்டு வேலை செய்வதில்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அந்த நரம்பிலுள்ள ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும் எண்ணெயின் கமறல், அதிலிருந்து எழும் அக்ரோலின் என்ற பொருளால் வருவது. அதைக் கண்டால் தாளிக்கத் தொடங்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெயை மாற்றுவதே நல்லது.

சமையலறையில் உணவோடு தொடர்பில்லாத ஒரு வாசனையும் இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அழுகிய வாடை கொண்ட எத்தில் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, பெருங்காயம், கறிவேப்பிலை என்று இதுவரை பார்த்த பலவற்றிலும் கந்தகம் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். கந்தகச் சேர்மங்களுக்கு மனித மூக்கு அவ்வளவு கூர்மையாக இருக்கிறது.

மூக்கு ஏமாறும் இடம்

மூக்குக்கு ஒரு குறை உண்டு: தொடர்ந்து முகரும் மணத்தை அது சில நிமிடங்களில் கைவிட்டுவிடும். பிரியாணி செய்தவருக்கு அது மணக்காமல், வாசலில் செருப்பைக் கழற்றும் விருந்தாளிக்கு மட்டும் மணப்பது இதனால்தான். சந்தேகம் வந்தால் கொல்லைப்புறமோ மாடியோ சென்று இரண்டு நிமிடம் நின்று திரும்பி வருவது, மூக்கைப் புதுப்பிக்கும் எளிய வழி.

கொதிக்கும்போதே முகர்ந்து பார்த்து "உப்பு குறைச்சல்" என்று சொல்லும் பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். என் பாட்டியும் சொல்வார். கடவுளுக்குப் படைக்கும் உணவை முன்னதாக ருசி பார்க்கக் கூடாது என்ற வழக்கம் உள்ள வீடுகளில், மூக்கைத் தவிர வேறு துணை இல்லை. உப்புக்கு மணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நீரில் கரைந்த உப்பு, சில மணச் சேர்மங்களை நீரிலிருந்து வெளியே தள்ளி எளிதில் ஆவியாகச் செய்கிறது. வீட்டுக் குழம்பில் போடும் உப்பின் அளவுக்கு இந்த விளைவு சிறியதே என்பதால், பாட்டியின் தீர்ப்பில் ஐம்பது ஆண்டுப் பழக்கத்தால் கைக்கு வந்த அளவும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். இதைப் பாட்டியிடம் சொல்லும் துணிவு எனக்கு இருந்ததில்லை.

புதிதாகச் சமைப்பவர் இவற்றையெல்லாம் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. ஒரு பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, இரண்டு கரண்டி நல்லெண்ணெயில் மிதமான தீயில் வதக்குங்கள். போட்டவுடன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். கண்ணாடி போல ஆனதும் ஒருமுறை. ஓரங்கள் பொன்னிறமாகும்போது ஒருமுறை. முழுவதும் சிவந்ததும் ஒருமுறை. முதல் முகர்தலில் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போனது எதுவோ, அதன் பெயர்தான் பச்சை வாசனை. வதங்கிய வெங்காயத்தை வீணாக்காமல் தயிரில் கலந்து, உப்புப் போட்டுக் கடுகு தாளித்துக் கொட்டினால், அன்றைய சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ஆயிற்று.